ஏச்சுமணி அடித்தவர்

ஒத்தாவியோ எங்கள் ஊரில்தான் கல்யாணம் செய்துகொண்டார், எங்கள் ஊர் ரோட்டைத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் பராமரித்தார், எங்கள் ஊர்க் கல்லறையில்தான் பெண்டாட்டியை வைத்தார். இருந்தும் சாகிறவரைக்கும் அவருக்குப் பெயர் கொல்மோராக்காரன். கொல்மோரா என்ன கடல் கடந்த தேசமா? என் காபிக் கடை வாசலில் நின்றால் எதிர்மலை உச்சியில் தெரியும். கூப்பிடு தூரம். அங்கே யார் வீட்டு மாடியில் என்ன துணி காய்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் ரொக்காவெஸ்பாவில் பிறந்தவர்களுக்குக் கொல்மோரா என்றால் முகம் சுளிக்கும். கொல்மோராக்காரர் யாராவது கடைக்கு வந்து குடித்துவிட்டுப் போனால் அந்தக் கிளாஸை என் அம்மா இரண்டு தடவை கழுவுவாள். நானும் வெகுநாள் அப்படித்தான் கழுவினேன்.

ஒத்தாவியோ குடித்த கிளாஸை மட்டும் ஒரு தடவை கழுவினால் போதும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அது அவருக்கு இந்த ஊர் கொடுத்த பெரிய மரியாதை.

பழைய ஊர், பழைய மதில், பழைய கோபுரம் என்று வெளியூர் ஆட்கள் மலையேறி வர ஆரம்பித்த பிறகு அவருக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. கீழே காரை விட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வருவார்கள். முதலில் என் கடையில் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். அப்புறம் தண்ணீர். அதற்கப்புறம்தான், "இங்க பாக்க என்ன இருக்கு?" நான் மூலை மேஜையைப் பார்த்து, "ஒத்தாவியோ, உங்களத் தேடி ஆள் வந்திருக்கு" என்று குரல் கொடுப்பேன். சோம்புச் சாராயம் விட்ட காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கோபுரச் சாவி எப்போதும் கோட்டின் வலது பையில்தான் இருக்கும். அந்தக் கனத்தில் அவருடைய எல்லாக் கோட்டும் வலது பக்கம் தொங்கிப்போயிருந்தது.

வழிகாட்டி என்றால் வாய் ஓயாமல் பேசுவார் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். "இது சர்ச்சு. நல்ல படம் ஒண்ணு இருந்துச்சு. மியூசியத்துக்குப் போயிருச்சு." அவ்வளவுதான். "இது பழைய வாசல். குனிஞ்சு வாங்க." அவ்வளவுதான். கோபுரத்தில் ஏறி மணிக்குப் பக்கத்தில் போய் நின்றால் மட்டும் அவருக்கு நாக்கு அவிழும்.

"இவ பேரு கத்தரீனா. எங்க மணி இல்ல, கொல்மோராவோடது. பூகம்பத்துல அவங்க கோபுரம் விழுந்துபோச்சு. புதுசு கட்டுற வரைக்கும் பாத்துக்கோங்கன்னு இங்க கொண்டுவந்து வச்சாங்க. கட்டி முடிச்சுட்டு வந்து எங்க மணியக் குடுங்கன்னாங்க. எந்த மணின்னு கேட்டுட்டோம்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். யாராவது, "நீங்க இந்த ஊர்தானா?" என்று கேட்டால், "இல்ல, கொல்மோரா" என்பார். அவர்கள் முழிப்பார்கள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

கத்தரீனாவைச் சுருட்டிக்கொண்டதோடு எங்கள் முன்னோர்கள் நின்றிருந்தால் அது வெறும் திருட்டு. அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன்னால் மணி மாடத்தின் மூன்று சன்னல்களைப் பலகை போட்டு அடைப்பார்கள். கொல்மோராவைப் பார்த்த சன்னலை மட்டும் திறந்துவிட்டு ஏழு அடி அடிப்பார்கள். 'உங்கள் மணி எங்களிடம்' என்று அர்த்தம். அதற்குப் பெயர் ஏச்சுமணி. ஏன் ஏழு என்று யாருக்கும் தெரியாது. வாராவாரம், முந்நூறு வருஷமாக, யுத்த காலத்தில்கூட விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வோம். நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு அதிகம் இல்லை.

அந்தக் கயிற்றை இழுக்கும் உரிமை ஜெர்வாசியோ வீட்டுக்கு. ஜெர்வாசியோவுக்கு ஆண் பிள்ளை கிடையாது, ஒரே மகள் பெர்மினா. கீழே ரோட்டு வேலைக்கு வந்த ஒரு பையனுக்கு அவள் ஒருநாள் தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் அவன் தாகம் இல்லாமலே வந்தான். பையன் கொல்மோரா என்று தெரிந்ததும் ஊரே ஜெர்வாசியோ முகத்தைப் பார்த்தது. துப்பாக்கியை எடுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் ஒருவாரம் யோசித்துவிட்டு, ஊரே பார்க்க நடுச்சதுக்கத்தில் அவனைக் கூப்பிட்டார்.

"டேய், என் பொண்ணு வேணுமா?"

"வேணும்."

"வீட்டோட மாப்பிள்ளையா வரணும். எனக்கு அப்புறம் அந்தக் கயித்த நீதான் இழுக்கணும். எனக்கு அப்புறம் என்ன, வர்ற ஞாயித்துக்கிழமையே இழு. உங்க ஊரப் பாத்து நீயே இழு."

சதுக்கம் சிரித்துக் குலுங்கியதாம். கொல்மோராவை ஏச ஒரு கொல்மோராக்காரனையே பிடித்துவிட்டார் என்று ஜெர்வாசியோவுக்கு ஒயின் வாங்கிக் கொடுத்தார்களாம். பையன் ஒத்தாவியோ இழுத்தான். என் அப்பா சொன்ன கதை இது. சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அன்றைக்கு ஏழு அடி முடிந்தது. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் லேசாக இன்னொரு அடி. எட்டு. ஜெர்வாசியோ தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரமும் எட்டு. எத்தனை திட்டியும் எட்டுதான். "கொல்மோராக்காரனுக்கு ஏழு வரைக்கும் எண்ணத் தெரியல" என்பது எங்கள் ஊர்ப் பகடியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பிள்ளையை, "நீ என்ன ஒத்தாவியோவா?" என்று கேட்பார்கள். என்னையும் கேட்டிருக்கிறார்கள்.

இப்படியே காலம் போயிற்று. ஜெர்வாசியோ போனார். பிள்ளை குட்டி இல்லாமல் பெர்மினாவும் போனாள். ஒத்தாவியோ மூலை மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை எட்டு அடித்தார்.

அப்போதுதான் இவானோ மேயராக வந்தான். நல்ல பையன். பட்டணத்தில் படித்தவன், ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற துடிப்பு உள்ளவன். அப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அழகான மலையூர்கள் என்று ஒரு குழு வருஷா வருஷம் சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து விருதுப் பலகை கொடுக்கும். பலகை மாட்டிய ஊருக்குப் பேருந்து பேருந்தாக ஆள் வரும். குழு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்ததும், இவானோ என் கடையிலேயே கூட்டம் போட்டான்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பக்கத்து ஊர வாராவாரம் மணியடிச்சுத் திட்டுறோம். இத வெளியாளுங்களுக்கு எப்படிக் காட்டுறது? அதுவும் இந்தக் காலத்துல?"

"அப்ப என்னதான் பண்ணணுங்கற?" என்றான் கசாப்புக்கடை எர்கோலே.

"நிறுத்திருவோம். அன்னைக்கோட நிரந்தரமா. சமாதான விழான்னு வைப்போம். கொல்மோராக்காரங்களையும் சாப்பிடக் கூப்பிடுவோம். ஓந்தினா கடைச் சாப்பாடு" என்று என்னைக் காட்டினான்.

யாருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. எர்கோலேவுக்குக்கூட இறைச்சி வியாபாரம் ஆயிற்றே. நானும் கை தூக்கினேன். இவானோ மூலை மேஜைப் பக்கம் திரும்பினான்.

"உங்களுக்கும் நிம்மதிதானே, ஒத்தாவியோ? சொந்த ஊரையே திட்டுற வேலை. பாவம், இத்தனை வருஷமா."

"நிம்மதிதான்" என்றார். கையில் கரண்டி. எப்போதோ குடித்து முடித்த வெறும் கோப்பையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் கடைக் கதவைத் திறப்பதற்குள் வாசலில் நின்றார்.

"ஏம்மா ஓந்தினா, உன் கார் ஓடுற நிலைமையில இருக்கா?"

"இருக்கு. எங்க போகணும், டாக்டர்கிட்டயா?"

"கொல்மோராவுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததே இல்லை. அவர் அம்மா செத்தபோதுகூடப் போகவில்லை. கோபுரத்தில் ஏறி நின்று, எதிர்மலையில் சவப்பெட்டி கல்லறைக்குப் போவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார் என்று பெர்மினா சொல்லியிருக்கிறாள்.

கடையை மச்சினியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கூப்பிடு தூரம் என்றாலும் கார்ப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கி மறுபடி ஏறும். பாதி வழியில் அவர் கேட்டார்.

"ஓந்தினா, அந்த மணியடிச்சா கொல்மோராவுல என்ன பண்ணுவாங்க, தெரியுமா?"

"என்ன பண்ணுவாங்க, பல்லக் கடிப்பாங்க."

"பாஸ்தாவத் தண்ணியில போடுவாங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கம்மா தண்ணியக் கொதிக்க வச்சிட்டு சன்னல்ல நிப்பா. மணி கேட்டதும், 'கத்தரீனா கூப்பிட்டுட்டா, போடுங்கடி'ன்னு எதிர்வீட்டுக்காரி கத்துவா. ஊரு பூரா ஒரே நேரத்துல பாஸ்தா வேகும். மணி நின்னு, வெந்து, வடிச்சு, சர்ச்சுக்குப் போன ஆம்பளைங்க வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு எல்லாம் சரியா இருக்கும். சன்னல்ல நின்னு உங்க ஊரப் பாத்துக் காறித் துப்புறதும் உண்டுதான். துப்பிட்டுப் போய் பாஸ்தாவக் கிண்டுவாங்க."

வளைவில் காரை நிறுத்திவிட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

"அப்ப எங்க பாட்டன், முப்பாட்டன் எல்லாம் மூச்சுத் திணறப் படியேறிப் போயி உங்க ஊருக்குச் சமையல் மணி அடிச்சிருக்காங்க?"

"ஆமா."

"மத்த சன்னலையெல்லாம் பலகை போட்டு அடைச்சு வேற?"

"அதனாலதான் அவ்வளவு நல்லாக் கேக்கும்."

"இத ஏன்யா இவ்வளவு காலமாச் சொல்லல?"

"சொன்னா நீங்க நிறுத்திர மாட்டீங்களா?"

நிறுத்தியிருப்போம். சத்தியமாக, அன்றைக்கே நிறுத்தியிருப்போம். கொல்மோராக்காரர்களுக்கு இஷ்டமான எதையும் செய்கிறவர்கள் இல்லை நாங்கள்.

"சொன்னா ஊரு நிறுத்திரும். சொல்லலன்னா இவானோ நிறுத்திருவான்" என்றார் ஒத்தாவியோ. "ரெண்டு பக்கமும் அடைச்சிருச்சு. அதான் உன் காரக் கேட்டேன்."

"நின்னா நிக்கட்டுமே! அவங்க பாஸ்தா வேகலன்னா உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பாவுக்கு எட்டுப் பிள்ளைங்க. பேரு யோசிக்கச் சோம்பல்பட்டு முதல்வன், ரெண்டாமவன்னு வரிசையா எண்ணையே பேரா வச்சுட்டாரு. குயிந்தோன்னா அஞ்சாவது, ஒத்தாவியோன்னா எட்டாவது. சின்னதுலயே சில பேரு போயிட்டாங்க. மத்தவங்க அர்ஜென்டினா, பெல்ஜியம்னு போனவங்க திரும்பல. மிஞ்சினது குயிந்தோவும் நானும்தான். அவன்தான் என்னத் தோள்ல தூக்கி வளத்தான். நான் உங்க ஊர்க் கயித்த இழுக்கப்போறேன்னு கேள்விப்பட்டதும் தபால்காரன்கிட்ட சொல்லி அனுப்பினான். 'எங்க வீட்டுல பிள்ளைங்க ஏழு பேருதான். எட்டாவதுன்னு யாரும் பொறக்கல.' அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு பேச்சு இல்ல."

சாவியை விட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு எண்ணத் தெரியும், ஓந்தினா."

நான் காரைக் கிளப்பினேன். கணக்கு வராத பிள்ளைகளை ஒத்தாவியோ என்று நானும் கூப்பிட்டதுதான் நினைவுக்கு வந்து குடைந்தது.

குயிந்தோ திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். தம்பியைவிடக் குட்டை, அதே மூக்கு. எங்களைப் பார்த்தும் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. தம்பியைத் தாண்டி என்னிடம்தான் பேசினார்.

"ஏம்மா, உங்ககூட வந்திருக்கிற ஆளு யாரு?"

"ரொக்காவெஸ்பாவுல இருந்து வந்திருக்காரு" என்றேன். வேறென்ன சொல்வது?

"அப்படியா. அவருகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி, ஈஸ்டர் நெருங்குற சமயம், ரெண்டு ஞாயித்துக்கிழமை மணி ஏழோட நின்னுருச்சே. அது ஏன்?"

ஒத்தாவியோ நேராக அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "குடலிறக்கம். ஆஸ்பத்திரியில இருந்தேன். எர்கோலே அடிச்சான்."

குயிந்தோ குனிந்து ஒரு முடிச்சுப் போட்டார். அது நிற்காமல் அவிழ்ந்தது. மறுபடி போட்டார்.

"சாவுக்குப் போடுற கறுப்புக் கோட்ட எடுத்து வெயில்ல போட்டுட்டேன்" என்றார், இன்னமும் என்னைப் பார்த்து. "கழுத்துப் பக்கம் பூச்சி அரிச்சிருந்துச்சு. உக்காந்து தச்சேன். ஊருக்குத் தெரியாம எப்படி வர்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். மூணாவது ஞாயிறு எட்டாவது கேட்டுச்சு. திரும்பப் பெட்டியில போட்டு மூடிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எளிதில் அழுகிறவள் இல்லை. கணவன் ஓடிப்போன அன்றைக்குக்கூடக் கடையைத் திறந்தவள். அங்கே அந்தக் கொடிகளுக்கு நடுவில் நின்று மூக்கைச் சிந்தினேன். அவர்கள் இருவரும் அதைப் பார்க்காதது மாதிரி இருந்தார்கள்.

கடைசியில் குயிந்தோதான் தம்பியிடம் நேராகக் கேட்டார். "இப்ப என்னடா வேணும் உனக்கு?"

"மே மாசம் எங்க ஊருக்கு வந்து திட்டணும்."

"யார?"

"எல்லாரையும். என்னையும் சேத்து. மணிய நிறுத்தினதுக்காகச் சந்தோஷப்படணும். ஜெயிச்சுட்டோம்னு கத்தணும்."

குயிந்தோவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார். "திட்டுறதுக்கு என்ன பஞ்சம்? ஒரு கலயம் நிறையச் சேத்துவச்சிருக்கேன்."

வீட்டுக்குள் வாருங்கள் என்று கூப்பிடவில்லை. உள்ளே போய் ஒரு உப்பிட்ட பன்றி இறைச்சிச் சுருளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இது உங்களுக்கு. அவருக்கு இல்ல" என்றார். ஒருத்தி ஒரு வருஷம் தின்றாலும் தீராத சுருள். பாதியை ஒத்தாவியோ தின்றார்.

மே மாதம் குழு வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண், மூன்று பேருக்கும் மலையேறத் தோதில்லாத செருப்பு. ஒத்தாவியோ அவர்களைக் கூட்டிப்போய்ப் பழைய வாசலில் குனியச் சொன்னார், கோபுரத்தைக் காட்டினார், எந்த மணி என்று கேட்ட கதையைச் சொன்னார். சதுக்கத்தில் மேஜை போட்டிருந்தேன். கொல்மோராவிலிருந்து பெருங்கூட்டம் வந்திருந்தது. இவானோ சமாதானம், பாரம்பரியம், நல்லெண்ணம் என்று பேசிவிட்டு, இன்றோடு ஏச்சுமணி ஓய்கிறது என்று அறிவித்தான். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். கொல்மோராக்காரர்களும் தட்டினார்கள். ஆனால் அந்த ஊர்ப் பெண்களின் முகத்தில் ஈயாடவில்லை. ஏன் என்று அந்தச் சதுக்கத்தில் எங்கள் ஊர் ஆட்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அப்போது குயிந்தோ நாற்காலி மேல் ஏறினார்.

"கொல்மோராக்காரங்களே, நல்லாக் கை தட்டுங்க! ரொக்காவெஸ்பா தோத்துருச்சு!"

எங்கள் ஆட்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"சமாதானமாம், சமாதானம்! கயிறிழுக்கத் தெம்பு இல்லன்னு சொல்லுங்கய்யா. சொந்தமா ஒரு ஆம்பள இல்லாம எங்க ஊர்ல இருந்து ஒரு உதவாக்கரைய இரவல் வாங்கினீங்க. கழுதைக்கு ஏழு எண்ண வரல, இத்தனை வருஷமா வரல! இப்ப அவனுக்கும் கிழடு தட்டிருச்சு, உங்களுக்கும் பயம் வந்திருச்சு. ரொம்ப நல்லது. முந்நூறு வருஷமா அந்தச் சத்தத்துல எங்களுக்குத் தூக்கமில்ல, சோறில்ல! இனிமே ஞாயித்துக்கிழமை நிம்மதியாச் சாப்பிடுவோம்!"

சாப்பிடுவோம் என்றபோது கொல்மோராக்காரி ஒருத்திக்குப் புரையேறியது. பக்கத்திலிருந்தவள் அவள் முதுகில் ஓங்கித் தட்டினாள். இரண்டு பேரும் தலை நிமிரவில்லை.

எங்கள் பக்கம் முதலில் எழுந்தது எர்கோலே. "யாருக்குடா பயம்?" அப்புறம் யார் யார் எழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. நாற்காலிகள் விழுந்தன. இவானோ இரண்டு கையையும் தூக்கி ஏதோ சொன்னான், அது யார் காதிலும் விழவில்லை. "ஏறுய்யா ஒத்தாவியோ! ஏறி அடி!" என்று சதுக்கம் முழுக்கக் கத்தல். சும்மா சொல்லக்கூடாது, உண்மை தெரிந்த நானும் சேர்ந்துதான் கத்தினேன். அந்த ஆள் திட்டியது எனக்கே உறைத்துவிட்டது.

குழுவில் வந்த பெண் என் கையைத் தொட்டு, "இதுவும் விழாவுல சேந்ததா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. வருஷா வருஷம் உண்டு" என்றேன்.

ஒத்தாவியோ அவசரப்படாமல் போனார். மற்ற சன்னல்களைப் பலகை போட்டு அடைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எங்கள் ஆட்கள் கூடவே எண்ணினார்கள். ஏழு என்று ஊர் அதிரக் கத்திவிட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் எட்டாவது அடி லேசாக விழுந்தது. குயிந்தோ இன்னமும் நாற்காலி மேல்தான் நின்றார். தொப்பி கையில் இருந்தது.

"எண்ணத் தெரியாத கழுதை" என்று மெல்லச் சொல்லிவிட்டு இறங்கினார். தம்பி கோபுரத்திலிருந்து வருவதற்குள் அவர்கள் வண்டி கிளம்பிவிட்டது.

அந்த வருஷம் எங்களுக்குப் பலகை கிடைக்கவில்லை. கார் நிறுத்த இடம் போதாது என்று எழுதியிருந்தார்கள். கீழே இடம் ஒதுக்கிய பிறகு, இரண்டு வருஷம் கழித்துக் கிடைத்தது. இப்போது ஏச்சுமணி கேட்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் வருகிறார்கள். ஏச்சுமணியை எப்படிக் காப்பாற்றினோம் என்று இவானோ எல்லோரிடமும் சொல்கிறான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதற்கப்புறம் சகோதரர்கள் சந்தித்துக்கொள்ளவில்லை. "ஒருநாள் காரை எடுக்கட்டுமா?" என்று நான் கேட்டதற்கு, "எதுக்கு, வாரம் தவறாமப் பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார் ஒத்தாவியோ. வீம்பில் அண்ணனும் தம்பியும் ஒன்று.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலம், ஒரு சனிக்கிழமை அவர் காபிக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். படுக்கையில் உறங்குகிறவர் மாதிரியே இருந்தார். கோட்டு நாற்காலியில் வலது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்து எர்கோலேயிடம் கொடுத்தேன். குயிந்தோவுக்குச் சொல்லவேண்டும், நம்பர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வியாபாரம் முடிந்ததும் காரில் போய் நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எர்கோலே அடித்தான். ஏழு. தெரிந்திருந்தும் நான் கடை வாசலுக்கு வந்து நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மேஜைகளைக் கவனிக்க உள்ளே போனேன்.

சாப்பிட்ட தட்டுகளை இன்னும் எடுத்து முடிக்கவில்லை. சதுக்கத்தில் ஒரு டிராக்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. குயிந்தோ இறங்கினார். கறுப்புக் கோட்டு. கழுத்தில் தையல் போட்ட இடம் கதவருகில் நின்ற எனக்கே தெரிந்தது. யாரும் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. சதுக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். நாற்காலி மேல் ஏறி நின்று திட்டியவர் அல்லவா.

அவரும் எல்லோரையும் ஒருதரம் பார்த்தார்.

"இன்னைக்குத்தான்டா ஒழுங்கா எண்ணி அடிச்சிருக்கீங்க" என்றார்.

எர்கோலே பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்புறம் கோட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து குயிந்தோவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி வீடு எது என்று அவருக்குத் தெரியாது.